நீலமேகம் தட்டிப் பார்த்த இரும்பு

ராயபுரம்
9 ஆகஸ்ட் 2024

நசீருக்கு,

அது எந்தப் போரின் குண்டு என்று கேட்டிருக்கிறாய். ஒரு முழுத்தாளில் அந்த ஒரு வரிதான். எனக்குத் தெரியாது.

இதை எழுத ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஆப்பிரிக்கக் கண்டத்தின் போர்களை ஆண்டு வாரியாக அடுக்கி, தபால் வழியில் படிப்பவர்களுக்காக இருநூற்றுப் பதினான்கு பக்கப் பாடநூல் எழுதியவள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று நடந்ததை எனக்கு நினைவிருக்கும்வரை எழுதுகிறேன். தவறு இருந்தால் சொல். ஜூன் இரண்டாம் தேதி. நீ மதியச் சாப்பாட்டுக்கு வந்தாய். நான் மடியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்தாய். இரும்பில் பொறித்த எழுத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது. மூன்று எண்கள், ஒரு கோடு, இரண்டு எழுத்துகள். "கண்டெய்னர் மொசாம்பிக்கிலிருந்து வந்தது, ஸ்கிராப் நடுவில் இது இருந்தது, என்னக்கா இது" என்றாய். நான் விடைத்தாளிலிருந்து தலையைப் பாதி தூக்கி, "அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. தொண்ணூற்றிரண்டில் முடிந்துவிட்டது" என்றேன்.

இப்போது யோசித்தால், என் மாணவி இப்படி எழுதியிருந்தால் நான் பாதி மதிப்பெண்கூடப் போட்டிருக்க மாட்டேன். இரும்பு எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ அந்த நாட்டில்தான் அது வெடிக்கப் போனது என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தத் துறைமுகத்துக்கு நான்கு நாடுகளிலிருந்து லாரிகள் வருகின்றன. ஜிம்பாப்வே, ரொடீசியாவாக இருந்த காலத்துச் சண்டையின் மிச்சமாக இருக்கலாம். அங்கோலாவாக இருக்கலாம், அங்கே இருபத்தேழு வருடம் நடந்தது. காங்கோவாக இருக்கலாம், அங்கே முடிந்தது என்று இரண்டு முறை கையெழுத்துப் போட்டார்கள், கிழக்கில் இன்றும் சுடுகிறார்கள். மொசாம்பிக்கிலேயே வடக்கு மூலையில் 2017இல் புதிதாக ஒன்று தொடங்கியது. அதுவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அது பழைய குண்டே இல்லை. அந்த எண்கள் எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பதை மட்டும்தான் சொல்லும். தொழிற்சாலைக்காரர்கள் எல்லாக் கட்சிக்கும் விற்றிருக்கிறார்கள்.

என் பாடநூலில் ஒவ்வொரு போருக்கும் 'முடிவு' என்று ஒரு கட்டம் உண்டு. நான் உனக்குப் படித்துக் காட்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

போனில் பேச வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ ஜாமீனில் வந்த அன்று நாம் கத்தியது மாடி வீட்டு தேவகிருபைக்கே கேட்டிருக்கிறது. மறுநாள் படிக்கட்டில் "தம்பி நல்லா இருக்காரா" என்று மிக மெதுவாக விசாரித்தார். எழுதினால் ஒரு வாக்கியத்தையாவது முடிக்க முடியும்.

உன் இரும்பு யார்டில் அந்தக் குண்டு வெடித்து நீலமேகம் இறந்து இன்றோடு அறுபத்தைந்து நாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ யார்டுக்குப் போய் என்ன செய்தாய் என்று இதுவரை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஃபிர்தௌஸ்


ஆம்பூர்
16.8.24

அஸ்ஸலாமு அலைக்கும்.

அக்கா, உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். தெரியாது என்று சொல்ல உனக்கு இவ்வளவு ஊர்ப் பெயர் வேண்டியிருக்கிறது.

நான் ஏன் கேட்டேன் தெரியுமா? எனக்கு எவன் மேலாவது கோபப்பட வேண்டும். புழல் ஜெயிலில் நாற்பது நாள் இருந்தபோது ஆள் தேடினேன். கண்டெய்னர் அனுப்பியவன் மேல் கோபப்பட்டேன். அவன் ஒரு ஈமெயில், அவ்வளவுதான். சுங்கத்தில் முத்திரை குத்தியவன் மேல் கோபப்பட்டேன். அப்புறம் தோன்றியது, அந்தக் குண்டைக் கொண்டுபோய் ஒருவன் பீரங்கியில் போட்டிருப்பான், இல்லை போடாமல் விட்டிருப்பான், அவன் யார்? எந்தக் கட்சி? யாரைக் கொல்ல எடுத்து வந்ததை வைத்து நீலமேகத்தைக் கொன்றான்? பெயர் தெரிந்தால் திட்டுவதற்கு வசதியாக இருக்கும். நீ இருநூறு பக்கம் எழுதியும் ஒருத்தனும் கிடைக்கவில்லை.

இங்கே என் வேலை தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது. ரசூல் பீவி சாச்சி வீட்டிலிருந்து நடந்து பதினைந்து நிமிடம். மெட்ராஸ் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது கோர்ட் உத்தரவு. ஏட்டு ஒருவர் தினமும் கேட்கிறார், "என்னா பாய், மெட்ராஸ்ல குண்டு போட்டியாமே?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறேன். நேற்று சிரிப்பு வரவில்லை. "ஏன் பாய் மூஞ்சி டல்லா கீது, பிரியாணி சரியில்லியா" என்று எங்கள் மெட்ராஸ் பாஷையில் பேசிக் காட்டினார். சினிமாவில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

வக்கீல் முதஸ்ஸிர் வந்து போனார். கேஸ் நிற்காது என்கிறார். ஸ்கிராப்புக்குள் குண்டு இருந்தது யார்ட் ஓனருக்குத் தெரியாது. கட்டர் நீலமேகம் ஓனருக்குச் சொல்லாமல், குண்டின் இடுப்பில் இருக்கும் செம்பு வளையத்துக்கு ஆசைப்பட்டுத் தானாக அறுத்தார். அவர் கைப்பக்கம் ஸ்பேனர் கிடந்தது. அது போலீஸ் எழுதிய பட்டியலிலேயே இருக்கிறது. இதுதான் நம் பக்கம். செத்தவருக்கு ஜெயில் இல்லை என்றார் முதஸ்ஸிர்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பென்சில் தேய்த்த தாள் உன்னிடம்தான் இருக்கிறது. நீ அதைப் புத்தகத்துக்கு நடுவில் வைத்ததைப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிடு. அது இருந்தால் எனக்கு மூன்று நாள் முன்பே தெரியும் என்று ஆகிவிடும். ஜஸீமா பன்னிரண்டாவது படிக்கிறாள். ரூபினா அவளிடம் அத்தா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நசீர்


ராயபுரம்
26 ஆகஸ்ட் 2024

நசீருக்கு,

தாளைக் கிழிக்கவில்லை. இன்னும் பாடநூலின் நூற்று நாற்பதாம் பக்கத்தில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். அப்போது ஒன்று உறைத்தது. எதற்கெடுத்தாலும் போனில் படம் எடுக்கிறவன் நீ. எனக்குச் செருப்பு வாங்கினால்கூட நான்கு படம் அனுப்புவாய். இதை மட்டும் தாளில் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். போனில் இருக்கக் கூடாது என்று உனக்கு அன்றைக்கே தோன்றியிருக்கிறது.

ரமாபாய் கல்லூரி திறந்த நாளிலிருந்து வரவில்லை. நீலமேகம் கேட்டு, நீ சொல்லி, நான் படிவம் வாங்கிக் கொடுத்துச் சேர்ந்த அவர் மகள். இரண்டாம் வருடம். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு சனிக்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி. அவள் அம்மா பூவம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, அட்டென்டன்ஸ் எடுக்க வூட்டாண்டயே வந்துட்டியா?" என்றார். சிரித்தார் என்றே நினைக்கிறேன்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. அவராகச் சொன்னார்.

"தண்ணி லாரியாண்ட போவ முடியல டீச்சரம்மா. 'செம்பு வூட்டுக்காரி வந்துட்டா, கொடத்த பாத்துக்கோங்கடி'ன்றாளுங்க. அவளுங்க கொடம் பிளாஸ்டிக்கு. அத்த எவ திருடுவா?"

"யார் கிளப்பிவிட்டது?"

"போலீசுல எழுதிக்கீறாங்களாமே. கையாண்ட ஸ்பேனரு கெடந்துச்சாம், வளையத்த கழட்ட எடுத்தாராம். அந்த ஸ்பேனர்ல அவரு ஒரு நட்டு கழட்டி நா பாத்ததில்ல. தட்டிப் பாக்கத்தான் வச்சிருந்தாரு. வூட்டுலயும் அதே பழக்கம். தேங்காய தட்டுவாரு. கேஸ் சிலிண்டர தட்டுவாரு. இவ பொறந்தப்ப தூளி கட்ற கொக்கிய தட்னாரு. 'சவுண்டு நல்லா கீது, மாட்டு'ன்னாரு. பத்தொம்பது வருசம் பாயாண்ட வேல பாத்த ஆளு, ஒரு ஆணி எடுத்தாந்தது இல்ல. எனக்கு வேற இன்னாவும் வேணாம் டீச்சரம்மா. திருடன்ற பேரு மட்டும் வாணாம்."

ரமாபாய் மூலையில் பீரோவில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் கிளம்பியபோது படிக்கட்டுவரை வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று சொன்னாள்:

"நீங்க பாத்துட்டீங்கன்னு அப்பா சொன்னாரு மேடம். அன்னிக்கு காலைல, போன்ல. டீச்சரம்மாவே பாத்துட்டாங்களாம், அப்புறம் இன்னா, அறுத்துட்றேன்னாரு."

"போலீஸிடம் சொன்னாயா?"

"யாரும் கேக்கல மேடம்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வகுப்பில் விடை சொல்வது போலத்தான் சொன்னாள்.

நினைவு நல்ல சாட்சி இல்லை என்பதை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். என் நினைவையும் சேர்த்துத்தான். ஆனாலும் கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கை கழுவிக்கொண்டே, "நீலமேகம் தொட மாட்டேங்கிறார்" என்று சொன்னாயா? நான் விடைத்தாளில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தேன். சொன்னாய் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம், "இப்ப அது ஒண்ணும் பண்ணாதில்லக்கா?" என்று கேட்டாய். நான், "போர் முடிஞ்சே முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றேன். நீ கேட்டதற்கு அது பதில் இல்லை. நம் இருவருக்குமே அப்போது அது தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டாம் என்று இருந்தது.

என் பெயரை நீலமேகத்திடம் சொன்னது நீதானே?

ஃபிர்தௌஸ்


ஆம்பூர்
4.9.24

அக்கா,

ஆமாம். நான்தான்.

முழுதாக எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, முதஸ்ஸிரிடமும்.

மே முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை கண்டெய்னர் பிரித்தோம். ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நீலமேகம் அதைத் தனியாக எடுத்து மணல் தொட்டியில் படுக்க வைத்திருந்தார். மேலே சாக்பீஸால் பெருக்கல் குறி. எங்கள் யார்டில் அந்தக் குறி போட்டால் யாரும் கை வைக்கக் கூடாது. அது நான் போட்ட சட்டம் இல்லை, அவர் கொண்டு வந்தது. பெயின்ட் டப்பா, மூடிய சிலிண்டர், சீல் வைத்த குழாய், எதுவாக இருந்தாலும் முதலில் ஸ்பேனரால் தட்டுவார். காது வைத்துக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் குறி.

"இத்த நா அறுக்க மாட்டேன் பாய்" என்றார்.

"ஏன்?"

"சவுண்டு சரியில்ல. காலியா இருந்தா கணீர்னு கேக்கும். இது தொப்புன்னுது. உள்ள இன்னாமோ குந்திகினு கீது."

போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து யார்டில் போன வருடம் இப்படித்தான் சொன்னார்கள். நாலு மாதம் சீல் வைத்து, அந்த ஆள் கடைசியில் யார்டையே விட்டுவிட்டு மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அந்த நாலு மாதம்தான் கண்ணில் தெரிந்தது. போனில் படம் எடுக்காததும் அதனால்தான். நீ சரியாகப் பிடித்துவிட்டாய். சின்ன வயதிலும் என் பொய்யை நீதான் பிடிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நீலமேகம் தொட மாட்டேங்கிறார் என்று உன்னிடம் சொன்னேன். உன் ஞாபகம் சரி.

திங்கட்கிழமை காலை அந்தக் குறியை என் செருப்புக் காலால் துடைத்தேன். அப்புறம் அவரைக் கூப்பிட்டு, "எங்க அக்கா பார்த்துட்டாங்க. காலேஜ்ல இதைத்தான் பாடம் எடுக்கிறாங்க. அந்தச் சண்டை முடிஞ்சு முப்பத்திரண்டு வருஷமாச்சாம்" என்றேன்.

"டீச்சரம்மாவே பாத்தாங்களா?"

"பார்த்தாங்க."

"இரும்பயா?"

"எழுத்தைத் தேய்ச்ச பேப்பரை."

சிரித்தார் அக்கா. "பேப்பர தட்னா இன்னா பாய் சவுண்டு வரும்?" என்றார். அன்றைக்கும் அறுக்கவில்லை, மறுநாளும் அறுக்கவில்லை. புதன்கிழமை காலை நானாகப் போய், "உன் பொண்ணுக்கு சீட்டு வாங்கிக் கொடுத்தவங்க சொல்றதை நம்ப மாட்டியா?" என்று கேட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்டி இல்ல பாய், சாப்ட்டு அறுத்துட்றேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து, அப்போதும் ஒரு தடவை தட்டினார். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மற்ற ஆட்கள் முன் கேட்டில் லாரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போன் பேசிக்கொண்டிருந்தேன். கையால் ஆகட்டும் என்று காட்டினேன்.

அதனால்தான் ஸ்பேனர் அங்கே கிடந்தது.

ஏட்டு இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கே அலுத்துவிட்டது.

நசீர்


ஆம்பூர்
5.9.24

அக்கா, நேற்று எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது. அது கைக்கு வந்தால் படிக்காமல் கிழித்துவிடு. படித்துவிட்டால் படித்த பிறகு கிழித்துவிடு. அக்கா என்று நினைத்துத்தான் உனக்கு எழுதினேன், சாட்சி என்று நினைத்து எழுதவில்லை. ஜஸீமாவை நினைத்துக்கொள்.

நசீர்


ராயபுரம்
11 செப்டம்பர் 2024

நசீருக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சின்ன உறையைத்தான் முதலில் பிரித்தேன். அப்படியும் பெரியதைப் படித்தேன்.

அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன். நீ என்னை நம்பி எழுதியது. அதில் இருக்கிறதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடையதும்தான். அன்று நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன், நீலமேகம் தொட மறுத்தார் என்று நான் என் காதால் கேட்டது, அந்தத் தாள், இவற்றைச் சொல்ல உன் அனுமதி எனக்கு வேண்டியதில்லை.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று முதஸ்ஸிரிடம் பொதுவாக, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன். அவர் முட்டாள் இல்லை. "ஓனருக்கு முன்கூட்டியே தெரியும்னு ஆயிடும், ஜாமீன் போகும், தண்டனை கூடும்" என்றார். பிறகு, "அந்த யாரோ ஒருவருக்கு காலேஜில் வேலை இருந்தால் அவங்களும் யோசிக்கணும்" என்றார். யோசித்தேன். கல்லூரியில் ஒரு விளக்கம் கேட்பார்கள். எழுதிக் கொடுப்பேன். அது பெரிய விஷயமில்லை. உன் விஷயம்தான் பெரியது. அதை லேசாக்கி எழுத எனக்கு வரவில்லை.

வகுப்பில் இந்த வாரம் அங்கோலா. தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, காரணங்கள் ஆறு, விளைவுகள் எட்டு. விளைவுகளை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் உடைந்தது. மேற்கொண்டு எழுதாமல் வாயால் சொல்லி முடித்தேன்.

நீயே சொல். முதஸ்ஸிரைக் கூப்பிட்டு, நீலமேகம் மறுத்தார், நான்தான் அறுக்கச் சொன்னேன் என்று எழுதிக் கொடு. தானாகச் சொன்னவன் என்பதற்குக் கோர்ட்டில் மதிப்பு இருக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பூவம்மாவிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இருபதாம் தேதிவரை நான் எதுவும் செய்ய மாட்டேன்.

ஃபிர்தௌஸ்


ஆம்பூர்
18.9.24

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். என்னால் முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் அவர் திரும்பிப் பார்த்ததுதான் வருகிறது, அதற்கு மேல் கை ஓடவில்லை.

நீ போவதாக இருந்தால் தடுக்க மாட்டேன். போ என்றும் சொல்ல மாட்டேன். ரூபினாவிடம் நீயே முதலில் சொல்லிவிடு. டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

நசீர்


ராயபுரம்
22 செப்டம்பர் 2024

நசீருக்கு,

நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலை ரூபினாவிடம் சொன்னேன். தண்டையார்பேட்டை வீட்டில், சமையலறையில் நின்றுகொண்டே. அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே மதினி" என்றாள். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜஸீமா வாசல்வரை வந்து என் பையை எடுத்துக் கொடுத்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

ரூபினா சொன்னது சரி. ஒரே சொல். அன்று அதைச் சொல்லியிருந்தால் நீ வேறு யாரிடமாவது கேட்டிருப்பாய், அல்லது நீலமேகத்தின் காதை நம்பியிருப்பாய். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வகுப்பில் யாராவது கேட்டுவிட்டால் அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்பேன்.

உனக்குக் கோபப்பட ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கண்டத்தில் சுட்டவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, நீளமானது, அனுப்பலாம். ஆனால் அவர்களில் யாரும் சாக்பீஸ் குறியைத் துடைக்கவில்லை. யாரும் மடியில் விடைத்தாளை வைத்துக்கொண்டு பதில் சொல்லவில்லை. என் மேல் கோபப்படு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதை நாளை போய்விட்டு வந்து தபாலில் சேர்க்கிறேன். என்ன நடந்தது என்பதையும் சேர்த்து.


23 செப்டம்பர்

நடந்தது இது.

பத்து மணிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இல்லை, மீன்பிடித் துறைமுகத்தில் ஏதோ மறியல், பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ரைட்டர் உட்காரச் சொன்னார். பதினொன்றேகாலுக்கு இன்ஸ்பெக்டர் போனில் பேசி, எழுதி வாங்கிவிடுங்கள், மாலையில் வந்து பார்க்கிறேன் என்றார். ரைட்டர் நல்ல கையெழுத்துக்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஓரிடத்தில் 'பழைய போரின் குண்டு' என்று அவராக எழுதினார். அடிக்கச் சொன்னேன்.

"பின்ன எந்தப் போர்னு போடட்டும் மேடம்?"

"தெரியாது என்று போடுங்கள்."

"நீங்க புரொபசர் இல்லியா?"

"ஆமாம். அதையும் போடுங்கள்."

நீலமேகம் தட்டிப் பார்த்துவிட்டுத் தொட மறுத்தார் என்று நீ ஜூன் இரண்டாம் தேதி என்னிடம் சொன்னதையும், ஸ்பேனர் தட்டிப் பார்க்க அவர் வைத்திருந்தது என்று பூவம்மா சொன்னதையும் எழுதினார். தாளை வாங்கி இன்னொரு உறையில் போட்டு நூல் கட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் ஜாமீனை ரத்து செய்ய இந்த வாரம் மனு போடுவார்கள் என்று ரைட்டர் சொன்னார். முதஸ்ஸிருக்கு வெளியே வந்ததும் போன் செய்துவிட்டேன். அதுவரை தினமும் பத்தரைக்குப் போய்க் கையெழுத்துப் போடு.

நான் எழுந்தபோது பூவம்மாவும் ரமாபாயும் உள்ளே வந்தார்கள். நான் வரச் சொல்லவில்லை. யார்டு லாக்கரில் இருந்த நீலமேகத்தின் சாமான்களை வாங்கிக்கொள்ள இன்றைக்கு வரும்படி ஸ்டேஷனிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள். ஒரு சட்டை, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா. பூவம்மா ஸ்பேனரைக் கேட்டார். அது கேஸ் சாமான், முடிந்த பிறகுதான் என்றார் ரைட்டர். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, அவராகவே, "அது தட்டிப் பாக்குற ஸ்பேனர்னு இப்பதான் எழுதினேம்மா. அவர் அறுக்க மாட்டேன்னு சொன்னதும் இதுல இருக்கு" என்றார்.

பூவம்மா அந்தத் தாள்களைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ரமாபாயைப் படிக்கச் சொன்னார். கொடுக்கக் கூடாதுதான், ரைட்டர் மேசையிலேயே திருப்பி வைத்துக் காட்டினார். அவள் நின்றபடி முழுவதையும் படித்தாள், என் பெயர் வரும் இடங்களையும், நான் சொன்ன பதிலையும். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி.

படித்து முடித்ததும் பூவம்மா என்னிடம் கேட்டார், "அது இன்னா சண்ட டீச்சரம்மா? யாருக்கும் யாருக்கும்?"

"தெரியலம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அப்படி எதுவும் அவர் முகத்தில் இல்லை. பிறகு டப்பாவைத் திறக்கப் பார்த்தார். மூன்று மாதத்தில் மூடி இறுகியிருந்தது. ரமாபாய் வாங்கி மேசை விளிம்பில் தட்டித் திறந்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது.

"இத்த யாரு கழுவுனது?" என்றார் பூவம்மா.

ரைட்டர், லாக்கரில் இருந்தது அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை என்றார்.

"அப்ப அன்னிக்கு சாப்ட்டு அவரேதான் கழுவிக்கீறாரு" என்று பூவம்மா ரமாபாயிடம் சொன்னார். டப்பாவை மூடி, சட்டையில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டார். ரசீதில் கைநாட்டு வைத்தார். இருவரும் வெளியே போனார்கள்.

ஃபிர்தௌஸ்